நாலு துளையும் உளுத்தமாவுப் பாத்தியும்

கடப்பைக் கல்லைத் துளைத்தால் வரும் தூசி மற்றத் தூசிகளைப் போன்றதல்ல. மண்தூசி கண்ணுக்குத் தெரியும், தட்டினால் போய்விடும். மரத்தூள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கல்தூசி எழும்புவதே தெரியாது. துளை போட்டு முடித்து, கைகால் கழுவி, ஒரு காபியும் குடித்துவிட்டு உட்கார்ந்த பிறகு, ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கம்பி வெயில் உள்ளே விழும். அப்போதுதான் அது இன்னும் அந்தரத்தில் நின்றுகொண்டிருப்பது தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. என் அக்காவால் தெரிய வந்தது.

அது யுத்த காலம். நான் அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. திருத்தணியிலிருந்து காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவேன். மூட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பது என் உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகும் எண்ணுவது நிற்காது. தந்திக் கம்பம், தட்டில் விழுந்த இட்லி, எதிர் வீட்டுக் கூரையில் உடைந்த ஓடு, எதுவானாலும் எண்ணிவிட்டுத்தான் மறு வேலை. இன்றைக்கும் அப்படித்தான். இதைப் பற்றி என் மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

அக்காவும் அவள் கணவரும் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில் ஒரு காபி ஓட்டல் நடத்தினார்கள். அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். முன்கூடத்தில் நாலு மேஜை, எட்டு பெஞ்சு. பின்னால் அடுப்பங்கரை. இரண்டுக்கும் நடுவில், செங்கல் கட்டைச் சுவர் இரண்டின்மேல் படுக்க வைத்த நீளமான கடப்பைக் கல். அதுதான் அக்காவின் வேலைமேடை. டிகாஷன் இறக்குவது, பால் ஆற்றுவது, டம்ளர் அடுக்குவது எல்லாம் அதன்மேல்தான். ராத்திரி கடை கட்டும்போது அதைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை இழுத்துவிடுவாள். காலையில் அந்தக் கல்லில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும்.

அக்காவுக்கு இழுப்பு உண்டு. தூசி, புகை, நெடி, எது பட்டாலும் மார்பில் விசில் சத்தம் ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தால் படுக்க முடியாது, பேச முடியாது. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுப்பாள்.

நான் சொல்லப்போகிற சங்கதிக்கு முந்தின வருஷம் அந்தக் கல்லின் ஒரு ஓரத்தில் தண்ணீர்ப் பீப்பாய்த் தாங்கிக்காக இரண்டு துளை போட்டார்கள். அன்றைக்கு அக்காவை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் விடியற்காலை அவள் போய்க் கடையைத் திறந்தாள், துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். உத்தரத்திலும் டப்பா மூடிகளிலும் படிந்திருந்த அத்தனையும் கிளம்பிவிட்டது. பொழுது உச்சிக்கு வருவதற்குள் விசில் கேட்டது. அந்த வாரம்தான் ஆடிக் கிருத்திகை.

பாவாவுக்கு ஒரு சமயம் விஷஜுரம் வந்து பிழைத்தார். அப்போது அக்கா வேண்டிக்கொண்டது புஷ்பக் காவடி. ஊர் உலகமெல்லாம் மலை ஏறிக்கொண்டிருந்த அந்தக் கிருத்திகையில், அவள் தலையணையில் சாய்ந்தபடி அரோகராச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாராவது தூக்கினால் போதும், சாமி ஒப்புக்கொள்ளும் என்று நாலு பேர் சொன்னார்கள். அவள் இசையவில்லை. மூச்சு கிடைத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "நேந்துகினது நானு. தூக்கறதும் நான்தான்."

அதனால் அடுத்த ஆடி வரும்போது எங்கள் வீட்டில் ஒரே கவலை அக்காவின் மூச்சு. அந்தச் சமயம் பார்த்துத்தான் பாவா காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் வாங்கி வந்தார். குண்டு பயத்தால் பட்டணத்தை விட்டு ஊருக்குப் போன ஒரு ஓட்டல்காரர் விட்டுக்கொடுத்தது. வார்ப்பிரும்பு உடம்பு, பெரிய சக்கரம், மேலே பித்தளைக் கிண்ணம். அதுவரை கொட்டையை உரலில் போட்டுத்தான் இடிப்பார்கள். இடிக்கிற பொடியும் அக்காவுக்கு ஆகாது. கிருத்திகைக் கூட்டத்துக்கு இடித்து மாளவும் மாளாது. ஆகவே மெஷின் வந்தது அவளுக்காகத்தான். ஆனால் அதை மரப்பலகையில் வைத்துச் சுற்றினால் பலகையும் சேர்ந்து சுற்றியது. கல்மேடையில் போல்ட் போட்டு இறுக்கினால்தான் நிற்கும். நாலு கால், நாலு துளை.

துளை போட்டால் கல்தூசி. போடாவிட்டால் உரல். இரண்டில் எது வந்தாலும் அக்காவின் காவடி போச்சு. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், தூசியே எழும்பாமல் துளை போட வழி இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் மெஷினைப் பரணில் போடுவோம் என்றேன். பாவா சிரித்தார். கல்லைத் துளைத்தால் தூசி வராமல் பாலா வரும் என்றார்.

அரக்கோணத்தில் எனக்குத் தெரிந்த ரயில்வே பிட்டர் ஒருவர் இருந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கு கலந்து பேசுவார். மார்பில் அழுத்திக்கொண்டு பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றும் பெரிய துரப்பணம் வைத்திருந்தார். தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் முனையும் சூடேறாது, தூசியும் கூழாகிவிடும் என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை. ஏனென்றால் வழவழவென்ற கல்லின் மேல் விட்ட தண்ணீர் துளைக்குள் நிற்காது, ஓடிப்போய்விடும். துளையைச் சுற்றிப் பாத்தி கட்ட வேண்டும். எதால் கட்டுவது?

களிமண் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். களிமண் ஓரம் காய்ந்தால் வெடிக்கும், வெடித்தது உதிரும், உதிர்ந்தது தூசிதான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பளத்துக்குப் பிசைகிற உளுத்தமாவு இருக்கிறதே என்றாள். இறுக்கிப் பிசைந்து உருட்டினால் கல்லைக் கவ்விக்கொள்ளும், தண்ணீர் கசியாது. பாவாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஜனங்க சோத்துக்கு அலையுது. நீங்க ரெண்டு பேரும் கல்லுக்கு உளுந்து ஊட்டுறீங்க."

"உங்களுக்கு ஊட்டறதவிட அதுக்கு ஊட்டலாம்," என்றாள் அக்கா. "அது குறை சொல்லாம துன்னும்."

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தினோம். பிட்டர் காலை வண்டியிலேயே வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுத் தயாராக இருந்தார். அக்கா மாவைப் பிசைந்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்குப் போனாள். போகும்போது மூன்று தடவை திரும்பி வந்து, பால் பாத்திரம் மூடியாயிற்றா, ரவை டப்பா மூடியாயிற்றா என்று கேட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை, நான் அதற்கு முன்னாலேயே ஐந்து தடவை பார்த்திருந்தேன்.

நான் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மேடைமேல் இருந்ததையெல்லாம் அப்புறப்படுத்தினேன். அடுப்பங்கரையில் மூடாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. மேடையைச் சுற்றிப் பழைய வேட்டிகளை நனைத்துக் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மொத்தம் ஏழு வேட்டி. ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கடியிலும் ஈரச்சாக்கு. தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன். துடைப்பத்தைக் கொல்லையில் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன், யாரும் மறந்துபோய்த் தொட்டுவிடக் கூடாது என்று. பாவா ஈர வேட்டிகளுக்கு நடுவில் நின்று, "கல்லுக்கு பிரசவம் பாக்கற மாதிரி கீது," என்றார். பிட்டர், ரயில் என்ஜினுக்கே இவ்வளவு மரியாதை செய்து தாம் பார்த்ததில்லை என்றார்.

முதலில் துளை வர வேண்டிய நாலு இடத்திலும் கஞ்சிப் பசை தடவித் தடித்த காகிதத்தை ஒட்டினோம். இல்லாவிட்டால் முனை வழுக்கிக் கல்லின் பளபளப்பைக் கீறிவிடும். காகிதத்தின் மேல் மெஷின் காலை வைத்துக் குறி போட்டு, உளியால் லேசாக ஒரு தட்டு. முனை உட்கார ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றி உளுத்தமாவைத் திரித்து வட்டமாக வைத்து விரலால் அழுத்தினேன். அதற்குள் டம்ளர் தண்ணீர். கல்லின்மேல் ஒரு குட்டிக் குளம் நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

பிட்டர் மார்பைக் கொடுத்து அழுத்திச் சுற்ற ஆரம்பித்தார். கர்ர் என்ற சத்தம்தான் வந்தது, தூசி வரவில்லை. குளத்துத் தண்ணீர் முதலில் சாம்பல் நிறமாயிற்று, பிறகு கேழ்வரகுக் கூழ்போல் கெட்டியாயிற்று. கெட்டியானால் பாவா ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார், நான் புதுத் தண்ணீர் விடுவேன். ஒற்றிய துணியை உடனே வாளித் தண்ணீரில் அலச வேண்டும். ஓரமாகப் போட்டுக் காயவிட்டால் அவ்வளவும் திரும்பத் தூசியாகிவிடும். பாவா ஒரு துணியை மறந்துபோய்த் தோளில் போட்டுக்கொண்டார். நான் கத்தினேன். அவர் அதை வாளியில் போட்டுவிட்டு, எனக்கு என் அக்காவை விட அதிகமாக இழுக்கிறது என்றார்.

முனை அடிப்பக்கம் வெளிவரும் சமயம்தான் முக்கியம். மேலே நின்ற தண்ணீரெல்லாம் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடும், கடைசிச் சுற்றில் கல் காய்ந்துபோய்த் தூள் பறக்கும். அதனால் நான் மேடைக்கடியில் குந்தி, நனைத்த சாக்குத் துண்டைக் கல்லின் அடியில் அண்டக் கொடுத்து, அதற்குக் கீழே தண்ணீர்த் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டேன். பிட்டர் மேலிருந்து "வச்சேசிந்தி, வச்சேசிந்தி" என்று, வந்துவிட்டதாகத் தெலுங்கில் எச்சரித்தார். பொளக்கென்று சாம்பல் கூழ் என் தலையில் விழுந்தது. தாம்பாளத்தில் பாதிதான் விழுந்தது. பரவாயில்லை, ஈரமாகத்தான் விழுந்தது.

இப்படி நாலு. மூன்றாவது துளையில் பாத்தி ஒரு பக்கம் விட்டுக்கொண்டது. நிறுத்தச் சொல்லி மாவை அழுத்தி மறுபடி தண்ணீர் விட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஏதாவது எழும்பியிருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. முடிந்ததும் பெருக்காமல், மேடையையும் தரையையும் சுவரையும் டப்பா மூடிகளையும் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தோம். காகிதத்தை நனைத்து உரித்தபோது கல்லில் ஒரு கீறல் இல்லை. துளை நாலும் நாலு கறுப்புக் கண்போல் வழவழவென்று இருந்தன.

பிறகு நான் பின்கதவை ஒரு விரல் அளவு திறந்து, வெயில் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். வெயிலில் ஒன்றும் மிதக்கவில்லை. பாவா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது பாராட்டு.

மெஷினைத் தூக்கி வைத்து போல்ட் முடுக்கியாயிற்று. அக்காவை அழைத்து வந்தோம். அவள் மேடையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், கையை மூக்கருகில் கொண்டுபோனாள், ஒன்றும் இல்லை. அவள் முகம் அன்றைக்கு மலர்ந்ததுபோல் நான் அதிகம் பார்த்ததில்லை. சக்கரத்தைத் தொட்டு, "கிண்ணுனு நிக்குது," என்றாள்.

புது மெஷினைப் பூஜை போடாமல் சுற்றுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. பாவா சக்கரத்துக்குப் பூச்சூட்டி, பித்தளைக் கிண்ணத்துக்கு விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்தார். தேங்காய் உடைத்தார். அக்கா தானே அலமாரியிலிருந்து சாம்பிராணி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பிட்டர் அடுப்பிலிருந்து கங்கெடுத்துத் தூபக்காலில் போட்டு விசிறினார். பாவா தாராளமாக ஒரு பிடி சாம்பிராணி தூவினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஏழு ஈர வேட்டியும் அப்படியே தொங்கின. ஜன்னல் இடுக்கில் சாக்கு அப்படியே இருந்தது. தூசிக்காக அடைத்த அறை, ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது, வெளியேயும் போகாது. எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாமி காரியத்தில் வருகிற புகையைப் புகை என்று யார் நினைக்கிறார்கள்?

வெண்புகை சுருண்டு எழுந்து, வெளியே போக வழியில்லாமல் எங்கள் தலைக்கு மேல் படுத்தது. பிறகு இறங்கியது. அக்கா ஒரு தடவை இருமினாள். இரண்டாவது தடவை இருமினாள். மூன்றாவது இருமலில் அந்த விசில் கேட்டது.

நான் வேட்டிகளை இழுத்து அறுத்தேன். பிட்டர் கதவுகளைத் திறந்தார். பாவா தூபக்காலை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றவரை, கிருத்திகைக்கு முன்னதாகவே வந்து சேர்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். புகையைக் கையால் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் விபூதி கேட்டாராம். கையில் சூடு பொறுக்க முடியாமல் பாவா அங்கே நடனமாடியதை அவர்கள் அருள் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் அக்காவைத் தாங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கிணற்றடித் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டாள். தோள்பட்டை ஏறி இறங்கியது. நான் அவள் மூச்சை எண்ணினேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்? எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. நாலு துளையிலிருந்து ஒரு துகள் வெளியே விடாமல் பிடித்தோமே, கடைசியில் இப்படியா? கிருத்திகை நாலாம் நாள். போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும்.

அரக்கோணத்து டாக்டர் ஒருவர், இழுப்பு வரும் சமயம் பாலில்லாத கெட்டிக் காபி கொடுத்தால் கொஞ்சம் தணியும் என்று முன்பு சொல்லியிருந்தார். பாவா அதை நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பொடி இல்லை. இடித்து வைத்ததெல்லாம் காலையிலேயே தீர்ந்திருந்தது. கொட்டையைக் கிண்ணத்தில் கொட்டி, கையில் கொப்புளத்தோடு சக்கரத்தைச் சுற்றினார். மாலை கட்டியிருந்த பூவெல்லாம் பிய்ந்து பறந்தது. மேடை அசையவில்லை. நாலு சுற்றில் பொடி விழுந்தது என்று பிட்டர் பிற்பாடு சொன்னார். நான் கொல்லையில் இருந்ததால் அதை எண்ண முடியவில்லை.

கறுப்பாக, கஷாயம்போல் ஒரு டம்ளர். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினாள். கொல்லையில் நல்ல காற்று. அத்தோடு புகை அவளுக்குள்ளே போனது சில நிமிஷம்தான். கல்தூசியைப்போல் அது தங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. விசில் நின்றது. அவள் முதலில் பேசியது பாவாவிடம்.

"கைய காட்டுங்க."

அவர் காட்டவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டு, "காபி எப்டி கீது?" என்றார்.

"ஆங், நல்லாத்தான் கீது. சக்கரைதான் இல்ல."

அந்த நாலு நாளும் நான் லீவு போட்டேன். கடைக்குள் ஊதுபத்திகூட ஏற்றவிடவில்லை. பாவா காலையில் சாமி படத்துக்குப் பூ மட்டும் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, இன்றைக்குச் சாமிக்கு அனுமதி உண்டா என்று கேட்பார். அக்கா பின்கட்டில் இருந்தாள். கட்டுக் கட்டிய கையோடு அவர்தான் அரைத்தார்.

கிருத்திகையன்று அக்கா சரவணப் பொய்கையில் குளித்து, மஞ்சள் புடவையோடு காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பூவின் கனம் அதிகமில்லை. ஆனால் மலை மலைதானே. பாவா முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார். நான் சொம்புத் தண்ணீரோடு பின்னால். வழியெல்லாம் ஜனம், படிக்குப் படி கற்பூரம், ஆயிரம் காலடியில் கிளம்பிய புழுதி. அவள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டாள், ஏறினாள். யாரோடும் பேசவில்லை. நான் அவள் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மேலே சன்னதியில் காவடியை இறக்கி, தரிசனம் முடித்து, பிராகாரத்தில் தூணோரம் வந்து நின்றாள். நெற்றியில் வேர்வை, விபூதியெல்லாம் கரைந்திருந்தது. நான் சொம்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இன்னாடா, அடிவாரத்திலேர்ந்து என் மூச்சையே எண்ணிகினு வந்தியே, இவ்ளோ தூரம் ஏறி வந்து சாமிய ஒரு தபா பாத்தியா நீ?" என்றாள். நடுவில் எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில்.

பாவா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் இல்லை என்றேன். உண்மையிலேயே சன்னதிக்குள்ளும் அவள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வா."

உள்ளே கற்பூரப் புகை அதிகம், நீ இங்கேயே இரு, நான் மட்டும் போய் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டாள்.